பாதைக்கு விட்ட நிலம்

முனிரத்தினத்தின் அப்பா காலம் வரை புளியங்கொல்லையில் யாரும் பருத்தி போட்டதில்லை. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் போகும் சாலையை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, வரப்பு மேலேயே நடந்துபோனால் வருகிற சின்ன ஊர் அது. கிணற்றுப் பாசனத்தில் நெல், வரப்போரம் தென்னை, மேட்டில் வேர்க்கடலை என்று இருந்தார்கள். தோல் பதனிடும் ஆலைகள் பெருகப் பெருகத் தண்ணீர் மாறியது. முதலில் துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் நெல் பயிரின் நுனி கருகியது. தென்னை குரும்பையிலேயே கொட்டியது. அப்பா செத்து நிலம் கைக்கு வந்தபோது, முனிரத்தினத்தின் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பேரணாம்பட்டு பஞ்சு வியாபாரி ஆபித் பாஷா ஒரு பை விதையோடு வந்தார்.

"போட்டுப் பாரு ரத்தினம். இந்த உப்புத் தண்ணிக்கு இது ஒண்ணுதான் தாங்கி நிக்கும். நீ எடுக்கறத எல்லாம் நானே வாங்கிக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னபடியே செடி நின்றது. இடுப்பு உயரம் வளர்ந்து, தை பிறந்ததும் வெடித்து, கொல்லை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் போட்டார்கள்.

விளைவிப்பதைவிடக் கொண்டுபோவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஊருக்குள் வண்டி வர வழியில்லை. ஆபித் பாஷாவின் லாரி மெயின் ரோட்டில்தான் நிற்கும். பஞ்சை மூட்டை கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, வரப்பிலே ஒற்றையடியாக நடந்து, ஓடையில் இறங்கி ஏறிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூட்டை பெரிதாக இருக்கும். எதிர்க்காற்று அடித்தால் ஆளையே பின்னால் தள்ளும். ஓடையில் கால் வழுக்கி மூட்டை நனைந்துவிட்டால் அன்றைய பாடு வீண்.

இந்த வேலையெல்லாம் முனிரத்தினத்தின் மனைவி கோவிந்தம்மாளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பஞ்சு எடுப்பதில் அவளுக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி ஓடும். காயில் பஞ்சு துளிகூட ஒட்டாமல், சருகு இல்லாமல் எடுப்பாள். அவள் எடுத்த மூட்டையை ஆபித் பாஷா பிரித்துப் பார்க்காமலே லாரியில் ஏற்றுவார். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ராஜேஷ். இளையவள் தேன்மொழி. எட்டு வயது.

ஒரு மாசி மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளில் தேன்மொழி அம்மாவோடு கொல்லைக்கு வந்தாள். வடக்கு மூலையில், கீழே உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கித் தன் பாவாடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். வரப்பின் பொந்திலிருந்து கண்ணாடி விரியன் கடித்தது. குழந்தை முதலில் முள் குத்திவிட்டது என்றுதான் சொன்னாள்.

முனிரத்தினம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினான். ஓடையில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். பின்னாலேயே கோவிந்தம்மாள். மெயின் ரோட்டில் ஆபித் பாஷாவின் லாரி பாதி லோடோடு நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து அவர்கள் கொண்டுவந்து சேர்த்த பஞ்சுதான் அதில் இருந்தது. குழந்தையைப் பஞ்சுமேல் படுக்கவைத்தார்கள். கோவிந்தம்மாள் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்தாள். முனிரத்தினம் முன்னால் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆம்பூர் நெரிசலிலும் மாதனூரிலும் பள்ளிகொண்டாவிலும், "ஓட்டுயா, ஓட்டுயா" என்று கத்திக்கொண்டே போனான். வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தவுடன் முனிரத்தினம் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனான். ரோடு வேண்டும் என்றான். தலைவர் ஒன்றும் மறுக்கவில்லை. "பணம் வாங்கிடலாம்யா. இடம் எங்க கீது? வரப்ப ஒட்டி இருக்கிற மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டாத்தான் லாரி வர அகலம் கிடைக்கும்" என்றார்.

மற்ற இருவரும் விடவில்லை. ஒருவர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். முனிரத்தினம் அவர்களோடு சண்டை போடவில்லை. வரப்பின் ஒரு பக்கம் நெடுக அவன் நிலம்தான் என்பதால், ரோட்டின் முழு அகலத்தையும் தன் பக்கத்திலிருந்தே விட்டான். கிணற்று மேட்டை ஒட்டிய கரிசல் மண், அவனிடம் இருந்ததிலேயே நல்ல மண், அப்படியே போனது. அவனுடைய மச்சான்கூட, "பைத்தியமா உனக்கு? ஒரு ஆள் தலையில கட்டினா ஊருக்கு நோவாது" என்று திட்டினார்.

ரோடு வந்தது. ஓடைமேல் சின்னப் பாலமும் வந்தது. ஊர்க்காரர்கள் அதை ரத்தினம் ரோடு என்றே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் புளியங்கொல்லைக்கு நல்ல காலம். லாரி கொல்லை ஓரத்துக்கே வந்து நின்றது. மேட்டு நிலம், கடலைக் காடு எல்லாம் பருத்தியாக மாறியது. பக்கத்து ஊர்களிலிருந்தும் பஞ்சு எடுக்கப் பெண்கள் வந்தார்கள். ரோட்டு முனையில் டீக்கடை, உரக்கடை, செல்போன் கடை என்று ஒவ்வொன்றாக முளைத்தன. ஆபித் பாஷா இரண்டாவது லாரி வாங்கினார். ராஜேஷ் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான்.

கோவிந்தம்மாள் முன்புபோலவே விடிந்ததும் கொல்லைக்கு வந்தாள். ஆனால் வடக்கு மூலைக்கு மட்டும் போகமாட்டாள். அந்தப் பக்கத்து வரிசைகளை முனிரத்தினம் தானே எடுப்பான். எடுக்கும்போது வாய்க்குள்ளே ஏதோ பேசிக்கொண்டே எடுப்பான். "இன்னிக்கு உங்க அண்ணன் போன் பண்ணான் பாப்பா... மாடு கன்னு போட்டுச்சு..." இப்படி. அந்த மூலையில் இருக்கும்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வரும். கோவிந்தம்மாளும் தன்னைப் போலக் கொல்லையில்தான் ஆறுதல் காண்பாள், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை.

பிறகு கம்பெனி பஸ் வந்தது.

ஆம்பூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த ஷூ கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து ரோட்டை அளந்து பார்த்தார்கள். பஸ் திருப்ப இடம் வேண்டும் என்றார்கள். முனிரத்தினம் தன் களத்தைக் காட்டி, "இங்க திருப்பிக்கோங்க" என்றான். முதலில் பிளஸ் டூ முடித்த நாலைந்து பெண்கள் ஏறினார்கள். அப்புறம் கல்யாணமான பெண்கள். வெயில் இல்லை, தலைக்குமேலே ஃபேன், மாதம் பிறந்தால் பேங்கில் சம்பளம், பி.எஃப். உண்டு. பஞ்சு எடுப்பு அப்படி இல்லை. காயின் முனை விரல் நுனியைக் கிழிக்கும். எடை போட்டால்தான் கூலி. சீசன் முடிந்தால் ஒன்றுமில்லை. இதெல்லாம் முனிரத்தினத்துக்குப் புரியாமல் இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் டீக்கடையில் புலம்பும்போது அவன்தான், "போறவங்கள எப்படித் தப்பு சொல்றது? நம்ம பொண்ணா இருந்தா அனுப்ப மாட்டமா?" என்பான்.

அது கோவிந்தம்மாள் பஸ் ஏறும்வரை.

அன்று காலையில் அவன் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தான். கொல்லை முழுக்க வெடித்து நின்றது. அவள் தலை வாரிப் பூ வைத்து, பெட்டியிலிருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு வெளியே வந்தாள்.

"இன்னாமே, எங்க கிளம்பிட்ட?"

"கம்பெனிக்கு. லில்லி சேத்து விடறேன்னு சொல்லிக்கீது. ஹெல்பர் வேலை. நூல் வெட்டறது, பசை தடவறது."

லில்லி சர்ச் தெருக்காரி. அதே கம்பெனியில் ஒரு மெஷின் வரிசைக்கு மேற்பார்வை பார்க்கும் லைன் லீடர்.

"பஞ்சு வெடிச்சு நிக்குது. யார் எடுக்கறது?"

"நீ எடு."

அவனுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "அவ்ளோ நல்ல மண்ண இந்த ரோட்டுக்கு விட்டேனே, உன்ன சிங்காரிச்சு பஸ் ஏத்தி அனுப்பறதுக்கா?"

கோவிந்தம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "யாருக்காக விட்டியோ, அவ போய்ட்டா. நானாவது போறேன்" என்றாள்.

களத்தில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் போய் ஏறிக்கொண்டாள்.

அதற்குப்பின் அந்த வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சோறு ஆக்கி வைத்துவிட்டுப் போவாள். இருட்டும்போது வருவாள். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. லில்லியோடு போனில் சிரித்துப் பேசுவாள். அவன் அந்தச் சிரிப்பைத் அப்பட்டமான துரோகம் என்று நினைத்தான். காலையில் பஸ் கொல்லையைத் தாண்டிப் போகும்போது குனிந்து செடியைப் பார்த்துக்கொள்வான். கம்பெனியில் என்ன வேலை, யார் யார் கூட இருக்கிறார்கள், ஒன்றையும் அவன் கேட்டதில்லை. பஞ்சு என்ன ஆனது என்று அவளும் கேட்டதில்லை.

தனி ஆளாக எவ்வளவு எடுக்க முடியும்? கிழக்கே எடுத்து முடிப்பதற்குள் மேற்கே வெடித்தது பனியில் நனைந்து பழுப்பேறித் தொங்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பருத்தியை விட்டார்கள். சிலர் மாந்தோப்பு வைத்தார்கள், சிலர் நிலத்தைப் பிளாட் போட்டு விற்றார்கள். கடைசியில் ரத்தினம் ஒருவன்தான் மிச்சம். ஒரு நாள் ஆபித் பாஷா லாரி அனுப்பாமல் தானே பைக்கில் வந்தார். வயசாகிவிட்டிருந்தது. மூச்சு வாங்க வரப்பில் உட்கார்ந்தார்.

"கோச்சிக்காத ரத்தினம். உன் ஒருத்தன் மூட்டைக்கு வண்டி அனுப்பினா டீசலுக்கே கட்டுப்படி ஆகல. இப்ப எல்லாம் குண்டூர்லேர்ந்து பேல் பேலா அமுக்கிக் கட்டி லாரியில நேரா கோயம்புத்தூர் மில்லுக்கே போய்டுது. நம்மள மாதிரி சின்ன ஆளுங்க கைய இப்ப யாரும் எதிர்பாக்கறது இல்ல. எனக்கே பேஜாரா கீது."

"நானே ஆட்டோவுல கொண்டாந்து போடறேன் பாய்" என்றான் முனிரத்தினம். அப்படியும் கொஞ்ச காலம் செய்தான்.

போன வருஷம் அமெரிக்காவில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். அது எங்கோ நடக்கிற விஷயமென்று புளியங்கொல்லையில் யாரும் காதில் வாங்கவில்லை. தீபாவளிக்குள் ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் கோவிந்தம்மாளின் லைனையே மூடினார்கள். ஒரு திங்கட்கிழமை களத்தில் ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை போனதில் சந்தோஷப்படக்கூடாது என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தை மாதம் காய் வெடிக்கத் தொடங்கியதும், அவளுக்காக ஒரு புதுத் துணி வாங்கி, பஞ்சு சேர்க்க மடிகட்டுவதற்குத் தோதாக ஓரம் அடித்து வைத்தான். சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு மேல்பக்கம் எடுக்கலாம்னு கீறேன். வர்றியாமே? முடிஞ்ச வரைக்கும் எடு, போதும்."

அவள் அந்தத் துணியைப் பார்த்தாள். தொடவில்லை.

"என்னால முடியாதுயா."

"இன்னா முடியாது? கையா நோவுது?"

கோவிந்தம்மாள் கீரையைத் தட்டில் போட்டாள். பிறகு, யாரோ ஒரு மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில போகல அவ. விரிஞ்சிபுரம் தாண்டறப்பவே போய்ட்டா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மடியிலதான வெச்சினு இருந்தேன். அவ ஒடம்பு சூடு கொஞ்சம் கொஞ்சமா போறது எனக்குத் தெரிஞ்சுது. கீழ இருந்த பஞ்சு மட்டும் கதகதன்னு சூடா இருந்துச்சு. அந்தச் சூட்டுல அவள அமுக்கி அமுக்கி வெச்சிப் பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ முன்னாடி உக்காந்து டிரைவர ஓட்டு ஓட்டுன்னு கத்தினு இருந்த. பொழைச்சிடுவான்னு நம்பிப் போயினு இருக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்றது? வேலூர் வர்ற வரைக்குமாவது இருக்கட்டும்னு உட்டுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்புறமும் அத்தன வருஷம் எடுத்தேன். ஒவ்வொரு கை பஞ்சு எடுக்கறப்பவும் அந்தச் சூடு. கம்பெனியில தோலு, பசை, மெஷின் சத்தம். அங்க அது இல்ல. அதுக்குத்தான் போனேன். நீ என்னென்னமோ நெனச்சிக்கின."

முனிரத்தினம் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

பொங்கல் முடிந்த கையோடு ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாக லில்லி சொன்னாள். தினமும் போய்வர முடியாத தூரம். கோவிந்தம்மாள் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். முனிரத்தினம்தான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனான். "உடம்பப் பாத்துக்கோ" என்றான். அவள் முதல்நாள் கம்பெனி பஸ் ஏறியபோதே அவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

தனியாக இருந்த அந்த வாரங்களில் அவன் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். பஞ்சுதான் அவளை விரட்டியது. பஞ்சு இல்லையென்றால் அவள் வீட்டுக்கு வருவாள். ஆம்பூர் லாரி முதலாளி அதாவுல்லா ரோட்டோரமாக வண்டி நிறுத்த ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார். ஆந்திராவிலிருந்து தெற்கே போகிற லாரிகளுக்கு ஹைவேயில் நிறுத்த இடமில்லை, போலீஸ் தொந்தரவு. முனிரத்தினம் அவராகக் கேட்பதற்கு முன்பே போய்க் கேட்டான். கொல்லை முழுவதையும் குத்தகைக்கு விட்டான். எடுக்காத காய் செடியிலேயே இருக்க, ஜே.சி.பி. வந்து எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்தது. வரப்பைச் சமமாக்கி, செம்மண் கொட்டி, அதன்மேல் ஜல்லி பரப்பினார்கள். வடக்கு மூலையில் ஜே.சி.பி. இறங்கியபோது முனிரத்தினம் அந்தப் பக்கம் நிற்காமல் டீக்கடைக்குப் போய்விட்டான். அவளுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

போனில் சொல்லவில்லை. அவளே வந்து பார்க்கட்டும் என்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மெயின் ரோட்டில் இறங்கி, பாலத்தைத் தாண்டி நடந்து வந்தவள் கொல்லை முனையில் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு டிரைவர் டயருக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தான். முனிரத்தினம் எதிரே ஓடிவந்து பையை வாங்கினான்.

"எடுத்துட்டேன்மே. பஞ்சே இல்ல இனிமே. நீ இங்க வந்து இருக்கலாம்."

அவள் ஜல்லிமேல் நடந்தாள். அங்கேயும் இங்கேயும் திரும்பினாள். வரப்பு இல்லாததால் அவளுக்கு இடம் பிடிபடவில்லை.

"வடக்கு மூல எது?"

அவன் கையைக் காட்டினான். அங்கே ஒரு லாரி நின்றிருந்தது.

கோவிந்தம்மாள் அத்தனை வருஷம் கால் வைக்காத அந்த இடத்துக்கு நேராகப் போனாள். லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லியைக் கையால் விலக்கினாள். கீழே செம்மண். அதையும் விலக்கினாள். ஸ்டவ் பக்கத்திலிருந்த டிரைவர் எழுந்து நின்று பார்த்தான்.

"உனக்காகத்தான..." என்றான் முனிரத்தினம்.

"பஞ்சு வேணாம்னுதானேயா சொன்னேன். இடம் வேணாம்னா சொன்னேன்?" அவள் கை மண்ணிலேயே இருந்தது. "நீ இருக்க இங்க, நீ அவகிட்ட பேசினு இருப்பன்னுதான நான் நிம்மதியா அங்க போய் உக்காந்துனு இருந்தேன். நீ பேசறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அவள யார்கிட்ட உட்டுட்டு வந்த இப்ப?"

முனிரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்தான். அழ வேண்டும்போல இருந்தது; வரவில்லை. அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிடவில்லை. திரும்பவும் இல்லை.

மறுநாளே அவன் அதாவுல்லாவிடம் போய், அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுத் தர முடியுமா என்று கேட்டான். காரணத்தையும் சொன்னான். அதாவுல்லா கெட்டவர் இல்லை. கேட்டதும் அவருக்கே கண் கலங்கியது. "ஆனா அந்த மூலையிலதான் பெரிய வண்டி ஒடிச்சித் திரும்பணும் ரத்தினம். அத விட்டா லாரி யார்டே கிடையாது. முன்னாடியே சொல்லியிருந்தா வாசல் கேட்ட வேற பக்கம் மாத்திப் போட்டிருப்பேனே" என்றார். செலவெல்லாம் செய்தாகிவிட்டது. முனிரத்தினம் கையெழுத்துப் போட்டவன். எழுந்து வந்துவிட்டான்.

கோவிந்தம்மாள் ராணிப்பேட்டைக்குத் திரும்பிப் போனாள். முன்பெல்லாம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவாள். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. லீவு கிடைத்தால் ஓசூரில் ராஜேஷ் வீட்டுக்குப் போகிறாள். கோபத்தால் அல்ல என்று லில்லி வந்து சொன்னாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்தைத் தாண்டும்போதே அவளுக்கு மார் அடைக்கிறதாம்.

முனிரத்தினம் இப்போது அந்த லாரி யார்டில் வாட்ச்மேன். அதாவுல்லாதான் வேலை கொடுத்தார். வண்டி வந்தால் கேட்டைத் திறப்பது, டிரைவர்களுக்குத் தண்ணீர் பிடித்துத் தருவது, இவைதான் வேலை. குண்டூரிலிருந்தும் அதிலாபாத்திலிருந்தும் பஞ்சு பேல்கள் ஏற்றிய லாரிகள் வந்து இளைப்பாறிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போகின்றன. தெலுங்கு டிரைவர்கள் அவனை அண்ணா என்று கூப்பிடுகிறார்கள். தார்ப்பாய் விலகியிருந்தால் அவனே ஏறி இழுத்துக் கட்டிவிடுவான். இங்கே முன்னால் என்ன இருந்தது என்று ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன்தான் போன் செய்கிறான்.

"சாப்ட்டியாமே?"

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சு. வேலை ஜாஸ்தியா?"

"இருக்குது. மூட்டு வலிக்குதுன்னியே, தைலம் வாங்கினியா?"

"வாங்கணும்."

அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனாலும் போனை வைப்பதில்லை. அந்தப் பக்கம் அறையிலிருக்கும் பெண்கள் பேசிக்கொள்வது இவனுக்குக் கேட்கும். இந்தப் பக்கம் லாரி என்ஜின் உறுமுவது அவளுக்குக் கேட்கும். கேட்டுக்கு வெளியே ஏதாவது ஒரு வண்டி வந்து ஹாரன் அடிக்கும்.

"போ, போய்த் தொற" என்பாள் அவள்.

"வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முனிரத்தினம் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான்.